அட்வான்ஸ் பத்து மாசம்: படிக்க வரும் பிள்ளைக்கு நம் ஊர் வைக்கும் நுழைவுத் தேர்வு



கொஞ்சம் நீளமான பதிவுதான். +2 முடித்த பிள்ளை வீட்டில் இருப்பவர்களும், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் பிறந்தால் நம் ஊரில் இரண்டு கூட்டம் அலையும். ஒன்று சிப்காட் கேட் முன்னால் வேலை கேட்டு நிற்கும். இன்னொன்று தோளில் பையும் கூடவே அப்பாவுமாக, டூலெட் போர்டு பார்த்துத் தெருத்தெருவாக நடக்கும். பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, தளி ரோடு, மத்திகிரி, மூக்கண்டபள்ளி, எங்கே போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தமிழில் வாடகை, கன்னடத்தில் பாடிகெ, தெலுங்கில் அத்தெ, உருதுவில் கிராயா. நம் ஊரில் நான்கு பெயரும் செல்லும். எந்த மொழியில் விசாரித்தாலும் வாசலில் கிடைக்கும் கேள்விகள் மட்டும் ஒன்றேதான்.

"ஃபேமிலியா, பேச்சிலரா?"

"எந்த ஊரு? என்ன ஆளுங்க?"

"அட்வான்ஸ் பத்து மாசம். முடியுமா?"

பதினேழு வயதுப் பிள்ளையை "பேச்சிலர்" என்று சொல்வதே எனக்கு விளங்குவதில்லை. அவன் கல்யாணம் ஆகாதவன் என்பதா அவனுடைய அடையாளம்? படிக்கிற பிள்ளை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? போகட்டும். நான் இன்று பேச வந்தது மூன்றாவது கேள்வியைப் பற்றி. அதைச் சொன்னால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்க வரும் பிள்ளையிடம் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது அநியாயம். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வாங்குவது அதைவிட அநியாயம். இதை மாற்றச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது நம்மிடம் பழக்கம் மட்டுமே.

இந்தப் பத்து மாதம் எங்கிருந்து வந்தது?

பெங்களூரிலிருந்து வந்தது. நமக்கும் அந்த ஊருக்கும் நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே பத்து மாத அட்வான்ஸ் என்பது வெகுகாலப் பழக்கம். எலக்ட்ரானிக் சிட்டி வளர, சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று வாடகை ஏற ஏற, "ஓசூரில் தங்கி அங்கே வேலைக்குப் போகலாம்" என்று ஒரு கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. சம்பளக்காரர்கள். பத்து மாதம் கேட்டால் கொடுத்தார்கள். நாமும் ருசி கண்டோம். வேலைக்குப் போகிறவனுக்கு வைத்த விலையைப் படிக்க வந்தவனுக்கும் அப்படியே வைத்துவிட்டோம்.

இந்த எல்லையில் படிப்புக்காக ஊர் மாறுவது புதிதல்ல. பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூர் அரசுப் பள்ளியில் படித்து, பிறகு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போனவர். அந்தக் காலத்தில் இங்கிருந்து அங்கே போனார்கள். இப்போது இரண்டு பக்கமும் போகிறார்கள், வருகிறார்கள். ஓசூரில் அதியமான் பொறியியல் கல்லூரி 1987இல் வந்தது. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994இல் வந்தது. மத்திகிரியில் கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. இவை போக பாலிடெக்னிக், ஐடிஐ, கலைக் கல்லூரிகள், கம்பெனிகளில் டிரெய்னியாகச் சேர்ந்து படித்துக்கொண்டே வேலை பழகுகிற பிள்ளைகள். விடுதியில் இடம் கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். கிடைக்காதவர்கள் நம் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

யார் இவர்கள்? அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, செங்கம் பக்கத்துக் கூலி வீட்டுப் பிள்ளைகள். தளி, அஞ்செட்டி மலைக் கிராமத்துப் பிள்ளைகள். பாதிப்பேர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள்.

ஒரு சின்னக் கணக்கு

வாத்தியாருக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. போர்டில் எழுதுவது போலவே எழுதுகிறேன்.

ஒரு போர்ஷன் வாடகை மாதம் 8,000 ரூபாய் என்று வையுங்கள். நான்கு மாணவர்கள் சேர்ந்து எடுக்கிறார்கள். தலைக்கு 2,000. பரவாயில்லை, கட்டிவிடலாம்.

பத்து மாத அட்வான்ஸ் 80,000. தலைக்கு 20,000.

கூலி வீட்டில் 20,000 ரூபாய் பெட்டியில் இருக்காது. கடன்தான். கிராமத்தில் மூன்று வட்டி என்பது சர்வசாதாரணம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 20,000க்கு மாதம் 600. டிகிரி மூன்று வருடம், அதாவது 36 மாதம். 600 பெருக்கல் 36, மொத்தம் 21,600 ரூபாய்.

படிப்பு முடிந்து காலி செய்யும்போது நாம் 20,000ஐத் திருப்பித் தருகிறோம், "பெயிண்டிங் சார்ஜ்" பிடித்துக்கொண்டு. அந்த அப்பா அதற்குள் 21,600 வட்டியாகவே கட்டி முடித்திருக்கிறார். அசல் இன்னும் அப்படியே நிற்கிறது. நம் கையில் இருந்த பணம் நமக்கு வட்டி சம்பாதித்துக் கொடுத்திருக்கும், அல்லது மாடிக்கு மேல் மாடி எழுப்ப உதவியிருக்கும்.

அதே வீட்டுக்கு மூன்று மாத அட்வான்ஸ் என்றால் 24,000. தலைக்கு 6,000. வித்தியாசம் 14,000 ரூபாய். அரசு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. 14,000 என்றால் பதினான்கு மாத உதவித்தொகை. அரசு ஒரு கையால் கொடுப்பதை நாம் இன்னொரு கையால் வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றுதானே அர்த்தம்?

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதில் தமிழ்நாட்டில் 2017இல் புதுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருக்கும் உள்ள உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம். நம் ஊரில் பத்து ஓனரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு இது தெரியாது. தெரிந்த ஒருவர் வெளியே சொல்லமாட்டார்.

முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் வாடகை அதிகாரி. விண்ணப்பம் இணையதளத்திலேயே போடலாம், பதிவு எண் தருவார்கள்.

2. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்ட விரோதம். இந்த "வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். பத்து மாதம் என்று எழுதிய தாளில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்டிப் பேசுவது கஷ்டம். ஆகவே பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டும்.

3. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். "அடுத்த ஆள் வந்ததும் வாங்கித் தருகிறேன்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

4. வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும்.

5. பெரிய பழுது, சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங், இவையெல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு மாதிரியான சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு.

6. குடியிருக்கும் வீட்டுக்குள் உரிமையாளர் நுழைய வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது.

ஐந்தாவதை இன்னொரு முறை படியுங்கள். நம் ஊரில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிறோம். பிள்ளை சுவரில் ஆணி அடித்து இடித்திருந்தால் கேளுங்கள், நியாயம். மூன்று வருடத்தில் சுண்ணாம்பு மங்குவதற்குப் பிள்ளையா காரணம்? சுண்ணாம்பு நம் சொந்த வீட்டிலும் மங்கத்தான் செய்கிறது.

எல்லைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது தமிழ்நாட்டுச் சட்டம். ஜூஜூவாடியில் வீடு எடுத்தால் செல்லும். அடுத்த நிறுத்தமான அத்திப்பள்ளியில் எடுத்தால் செல்லாது, அங்கே கர்நாடகச் சட்டம். கல்லூரி அந்தப் பக்கம் இருந்தாலும் தங்குவது எந்தப் பக்கம் என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவெடுக்க வேண்டும். பஸ் செலவை மட்டும் பார்க்காதீர்கள்.

பதினேழு வயதுக் கையெழுத்து

பாலிடெக்னிக்கில் பத்தாவது முடித்துச் சேர்கிற பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயது. +2 முடித்த பிள்ளைக்கும் பல நேரம் பதினெட்டு நிரம்பியிருக்காது. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலிருந்து இதுதான் நிலை. ஆனால் முத்திரைத்தாளில் பிள்ளையின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு "அக்ரிமெண்ட் இருக்கு" என்று சொல்லும் ஓனர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள் அவருக்கும் உதவாது, பிள்ளைக்கும் உதவாது. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். கூலி ஒரு நாள் போனாலும் பரவாயில்லை, நேரில் வாருங்கள். கைநாட்டு வைப்பவராக இருந்தாலும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வையுங்கள். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்

"என்ன ஆளுங்க?"

இதை நேராகக் கேட்பவர்கள் இப்போது குறைவு. "அப்பா பேரு என்ன?", "உங்க ஊர்ல எந்தத் தெரு?", "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று சுற்றி வளைத்து அங்கேயே வந்து நிற்பார்கள். பதில் பிடிக்கவில்லை என்றால், "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார் தம்பி." போர்டு மட்டும் மறுநாளும் தொங்கும்.

அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1917இல் வேலைக்காகப் பரோடா போனார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சிக்காரர்கள் நடத்திய ஒரு விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். சில நாளில் விஷயம் தெரிந்து, தடியோடு ஒரு கும்பல் வந்து மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. தெரிந்த நண்பர்களிடம் கேட்டார், அங்கேயும் இடம் இல்லை. ஒரு பூங்காவில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அரசியல் சட்டத்தை எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கிய மனிதருக்கு, படித்த படிப்பு ஒரு அறையைக்கூட வாங்கித் தரவில்லை.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தடியைக் காணோம். ஆனால் கேள்வி அதே கேள்விதான்.

வகுப்பறையில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியவன் நான். அந்தப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு ஓசூரில் ஒரே நாளில் ரூம் கிடைக்கிறது, இன்னொருவன் பத்து நாள் அலைகிறான் என்றால், நாங்கள் பன்னிரண்டு வருடம் நடத்திய பாடத்தை ஒரு வீட்டு வாசல் அழித்துவிடுகிறது. சாவி கொடுத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் வாடகைச் சட்டம் பேசும். சாவியை யாருக்குக் கொடுப்பது என்பது நம் மனசாட்சி சம்பந்தப்பட்டது. ஆதலால்தான் இதைச் சட்டத்தில் தேடாமல் உங்களிடம் கேட்கிறேன்.

அதே மாதிரிதான் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும். கம்பெனிக்கு அவர்கள் வேண்டும், தெருவுக்கு மட்டும் வேண்டாமா? 1980இல் லேலண்டு இங்கே வந்தபோது மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்களை உள்ளூர் தெலுங்குக்காரர்களும் கன்னடக்காரர்களும் இப்படித்தான் சந்தேகமாகப் பார்த்திருப்பார்கள். இன்று அவர்களில் பலர் இரண்டு மாடி வீட்டுச் சொந்தக்காரர்கள். டூலெட் போர்டு மாட்டுவதும் அவர்கள்தான். வந்த கதையை மறக்கலாமா?

பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளைகள் தனி வீடு எடுப்பது குறைவு. பெரும்பாலும் பிஜி, லேடீஸ் ஹாஸ்டல். அங்கே வேறு கணக்கு, படுக்கைக்கு இவ்வளவு என்று.

2025 நவம்பரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஓசூர் அருகே நாகமங்கலம் பகுதியில் பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதியில், குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரிய வந்து, அத்தனை பெண்களும் வெளியே வந்து போராடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தங்குகிற, காவலுக்கு ஆள் இருக்கிற கட்டடத்திலேயே இந்தக் கதி. நான்கு அறையைத் தடுத்து "லேடீஸ் பிஜி" என்று போர்டு மாட்டிய வீட்டில் யார் பார்க்கிறார்கள்?

தமிழ்நாட்டில் 2014இலேயே பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும். மகளைச் சேர்க்கப் போகும் அப்பா அம்மா, சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த இடம் பாருங்கள். இன்னொன்று, சில இடங்களில் விடுதிக் கட்டணத்துக்கு மேல் ஜிஎஸ்டி என்று சேர்த்து வாங்குகிறார்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்குவது என்றால் ஜிஎஸ்டி கிடையாது என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2024 ஜூனில் முடிவு செய்துவிட்டது. கேட்டால் பில்லிலிருந்து அந்த வரி போய்விடும். கேட்காவிட்டால் இருந்துகொண்டே இருக்கும்.

ஓனர் பக்கமும் பேசுகிறேன்

ஒரு தரப்பாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் வீட்டு மாடியிலும் ஒரு போர்ஷன் இருக்கிறது. ஒன்பது வருடமாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் விடுகிறேன். தொல்லை இல்லை என்று சொல்லமாட்டேன். நான்கு பேர் என்று வந்து ஏழு பேர் தூங்குவார்கள். இரவு ஒரு மணிக்கு மொட்டை மாடியில் போனில் பேச்சு. மோட்டார் போட்டுவிட்டு மறந்து, சின்டெக்ஸ் நிரம்பித் தெருவில் ஓடும். பரீட்சை முடிந்த அன்றே சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் மருந்து பத்து மாத அட்வான்ஸ் இல்லை. எத்தனை பேர், விருந்தாளி எத்தனை நாள், தண்ணீர் எப்போது, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் பாதித் தொல்லை குறைந்துவிடும். மீதியை "டேய் தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டுச் சொன்னால் கேட்பார்கள். அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதைச் சட்டமே தடுக்கிறது. வாடகை பாக்கி நின்றால் முறையிட வாடகை நீதிமன்றம் இருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் ஓனருக்குத்தான் முதல் பலம். இதைப் புரிந்துகொள்ளாமல் "பதிவு செய்தால் வீடு போய்விடும்" என்று பயப்படுகிறோம்.

நான் வாங்குவது இரண்டு மாத அட்வான்ஸ். இந்த ஒன்பது வருடத்தில் அதற்கு மேல் எனக்கு நஷ்டம் வந்ததில்லை. சாதி கேட்பதில்லை. என்ன படிக்கிறாய், எத்தனை அரியர் என்று மட்டும் கேட்பேன். வாத்தியார் புத்தி!

கரண்ட் விஷயம் ஒன்று. வீட்டு இணைப்புக்கு ஒரு அளவு வரை யூனிட் இலவசம். மாடிக்குத் தனி இணைப்பு இல்லாமல் சப் மீட்டர் வைத்து, பிள்ளைகளிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று நம் இஷ்டத்துக்கு வாங்குவது சரியா? பில்லைக் காட்டிப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் மின்வாரியத்தைவிட நாம் அதிகம் சம்பாதிக்க வேண்டாம்.

வீடு பார்க்கும் பிள்ளைகளுக்கு

தம்பிகளே, தங்கைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அந்தத் தெருவைப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து பாருங்கள்.

2. தண்ணீர் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். நம் மாவட்டத்திலும் தருமபுரியிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் வந்தது. குளிக்கப் போர் தண்ணீர் போதும். குடிக்க ஒகேனக்கல் குழாய் இருக்கிறதா, கேன் தண்ணீர் வாங்க வேண்டுமா என்று தெரிந்துகொண்டு செலவைக் கணக்குப் போடுங்கள்.

3. குடிபோகும் அன்றே வீடு முழுவதையும் போனில் வீடியோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள். உடைந்த கண்ணாடி, ஒழுகும் குழாய், சுவர் வெடிப்பு எல்லாம் தெரிய வேண்டும். மூன்று வருடம் கழித்து "இதை நீதான் உடைத்தாய்" என்ற பேச்சு வராது. மீட்டர் ரீடிங்கையும் படம் எடுத்து வையுங்கள்.

4. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ அனுப்பி, "அட்வான்ஸ்" என்று குறிப்பு எழுதுங்கள். புரோக்கர் கையில் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

5. நான்கு பேர் சேர்ந்து எடுத்தால், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நடுவில் ஒருவன் போனால் அவன் பங்கை யார் தருவது என்றும் எழுதுங்கள். ஓனரோடு வரும் சண்டையைவிட ரூம்மேட்டோடு வரும் சண்டைதான் அதிகம்.

6. ஆதார் நகல் கேட்டால், எண் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் தேதி போட்டு, "வாடகை வீட்டுக்காக மட்டும்" என்று எழுதுங்கள். உங்கள் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கிறேன் என்று ஓனர் சொன்னால் கோபப்பட வேண்டாம், அது உங்களுக்கும் பாதுகாப்புதான்.

7. பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் முதல் வாரத்திலேயே போய் வணக்கம் சொல்லுங்கள். காய்ச்சல் வந்து படுத்தால் ரசம் கொடுக்கப் போவது அவர்கள்தான்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேண்டுகோள்

பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று. விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லித் தருகிறோம், தெருவிளக்கு எரியவில்லை என்று ஆணையருக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தருகிறோம். +2 முடித்த ஆறு மாதத்தில் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிவதும், ஒரு ரசீதைக் கேட்டு வாங்கத் தெரிவதும். பொதுத் தேர்வு முடிந்து பிரிவு உபசார விழா நடத்தும் அன்று ஒரே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஒரு மாதிரி ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து, வரி வரியாக வாசிக்க வையுங்கள். "முன்பணம்", "பிரதி", "தரப்பினர்", "சேதாரம்" என்ற சொற்களுக்கு அர்த்தம் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் இல்லை என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. கம்பெனி வருகிறது, மேம்பாலம் வருகிறது, விமான நிலையம் பற்றிப் பேச்சு வருகிறது. எல்லாம் சந்தோஷம். ஆனால் படிக்க வந்த பிள்ளை ஊரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது மேம்பாலத்தை வைத்து அல்ல, கதவைத் திறக்கும் வீட்டுக்காரர் முகத்தை வைத்துத்தான்.

இந்த ஜூனில் வீட்டு வாசலில் போர்டு மாட்டப் போகும் நண்பர்களிடம் மூன்றே மூன்று கேட்கிறேன். அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யுங்கள். அப்பா பெயரைக் கேளுங்கள், அதற்குப் பின்னால் இருப்பதைக் கேட்காதீர்கள்.

இதற்கு ஒத்துக்கொள்கிற வீட்டுக்காரர்கள் உங்கள் பகுதிப் பெயரைக் கீழே எழுதுங்கள். வீடு தேடும் பிள்ளைகளை நான் அனுப்பி வைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தாராளமாக எழுதலாம், மரியாதையோடு இருந்தால் போதும். +2 முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதை அனுப்பி வையுங்கள். அந்த அப்பாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.